டாக்டரிடம் நான் சொல்லாதது

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

அழகர் ஆற்றில் இறங்கும்போது நீ ஊரில் இல்லாதது இதுதான் முதல் தடவை. லீவு இல்லை என்றாய். அன்றைக்கு ராத்திரி வீடியோவில் படுத்துக்கொண்டே பேசினாய், மறுநாளும் அப்படியே. முதுகுவலிக்காரனுக்கு முதுகுவலிக்காரனைத் தெரியாதா? அக்காவைக் குடைந்து கேட்டதில்தான் விஷயம் வந்தது. கீழ் முதுகில் எல்4, எல்5 என்கிற இடத்தில் எலும்பு நழுவியிருக்கிறது, ஸ்க்ரூ வைத்து இணைக்க வேண்டும் என்று சொன்னார்களாமே. நீ சென்னையில் வீடு வாங்கியதை கீழமாரட் வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். வலியை மட்டும் எனக்குச் சொல்லக் கூடாதா? அக்காவைக் கோபிக்காதே. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

முதலில் இன்னொரு டாக்டரிடம் காட்டு. எம்.ஆர்.ஐ. படம், குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோ. ஜவ்வு மட்டும் பிதுங்கியிருந்தால் நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுத்துவிட்டு ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எலும்பே நகர்ந்திருக்கும்போதுதான் பெரும்பாலும் ஸ்க்ரூ, ராடு என்று பேச்சு வரும். அதிலும் அவசரம் இல்லையென்றால் மாத்திரை, பிசியோ என்று கொஞ்ச காலம் பார்த்துவிட்டுத்தான் கத்தி. உனக்கு எது, ஏன் என்று கேள். கால்வலி எவ்வளவு குறையும், இடுப்புவலி எவ்வளவு குறையும் என்று தனித்தனியாகக் கேள், இரண்டும் ஒன்றில்லை. ஆனால் மூத்திரம் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதே. ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போ.

"அப்பாவுக்குச் செஞ்சு என்ன ஆச்சு?" என்று அக்காவிடம் கேட்டாயாம். மூன்று நாளாக எனக்குத் தூக்கம் இல்லை.

பொங்கலுக்கு நீ வந்துபோன மறுநாள், மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்ததை நான்தான் கூட்டினேன். அம்மா வத்தல் காயப்போட மேலே வருவதற்குள் கூட்டி அள்ளிவிட்டேன். இந்த இடம்வரை எழுதிவிட்டு, மேலே எழுத முடியாமல் டீ குடிக்கப் போய்விட்டு வந்தேன். உன்னைக் கேட்க எனக்கு வாய் ஏது? ஆறு வயதில் உன் கையில் காசைக் கொடுத்து முக்குக்கடைக்கு அனுப்பினவன் நான். மீதிச் சில்லறைக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொள் என்று சொன்னவனும் நான்தான்.

2014-ல், வெங்காய மூட்டை சுமந்த இந்த முதுகில் ஸ்க்ரூ வைப்பதற்கு முன்பு, "பீடி, சிகரெட் உண்டா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பக்கத்தில் நின்றாள். விட்டு ரொம்ப வருஷம் ஆச்சு என்றேன். ஆபரேஷன் முடிந்து தினமும் நடக்கச் சொன்னார்கள். நடந்தேன். பத்தாம் நாளிலிருந்து பெட்டிக்கடை வரைக்கும் நடந்தேன். ஸ்க்ரூ சும்மா பிடித்துக்கொண்டுதான் இருக்கும், ஒட்ட வேண்டியது எலும்பு. அதற்கு நல்ல ரத்த ஓட்டம் வேண்டும். நிக்கோடின் அந்த ரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். எனக்கு எலும்பு ஒட்டவில்லை. அடுத்த வருஷம் ஸ்க்ரூ ஆட ஆரம்பித்து, மறுபடியும் ஆபரேஷன். அம்மாவின் வளையலும் உன் முதல் வருஷச் சம்பளமும் அதில்தான் போயின. அந்தத் தடவை டாக்டர் என்னைத் தனியாக வைத்துக் கேட்டார். ஒத்துக்கொண்டேன். அன்றோடு விட்டேன், எலும்பும் ஒட்டியது. ஆனாலும் ஊரெல்லாம், உன்னிடமும், முதல் டாக்டர் கெடுத்துவிட்டார் என்றே சொன்னேன். அவர் வேலை சரியாகத்தான் இருந்தது தம்பி. கெடுத்தது நான். அந்தப் பொய்யை நம்பி நீ பயந்துபோய்ப் படுத்துக் கிடக்கிறாய்.

டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல். பக்கத்தில் யாராவது இருந்தால் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுச் சொல். ஆபரேஷனுக்குக் குறைந்தது நாலு வாரம் முன்னாலேயே நிறுத்து. எலும்பு ஒட்டிவிட்டது என்று படம் பார்த்து அவர்களே சொல்லும்வரை, ஆறு மாதமோ ஒரு வருஷமோ, தொடாதே. அதற்குப் பிறகும் எதற்கு? நிக்கோடின் சூயிங்கம் மெல்லலாமா என்பதையும் அவரிடமே கேள், அதிலும் அதே சரக்குதான். சிகரெட் பாக்கெட் மேலேயே, விட உதவுவதற்கு 1800-11-2356 என்று இலவச நம்பர் போட்டிருக்கிறது. கூப்பிட்டுப் பேசு.

படுக்கையிலிருந்து நேராக எழாதே. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழு. குனியாதே, இடுப்பை முறுக்காதே, தண்ணீர்க் குடம்கூடத் தூக்காதே. பாப்பா ஓடிவந்து தூக்கச் சொல்வாள். நீ நாற்காலியில் உட்கார்ந்துகொள், அவளாக மடியில் ஏறட்டும்.

கீழே வெஸ்டர்ன் டாய்லெட் வைக்கக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை வருகிறார். பயணம் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்து ஓய்வாக இரு. தேதி முடிவானதும் சொல், பாண்டியனில் கீழ் பெர்த் போட்டு வந்துவிடுகிறேன். இன்னொரு டாக்டரிடம் காட்டு என்றேனே, மறந்துவிடாதே.

என் விஷயத்தை இன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். உன் விஷயத்தை நீயே அவளுக்குப் போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா