மாற்றியமைத்த பத்மினி காருக்கு எந்த ஸ்டெப்னி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டுவோரைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில் பெயின்ட், இருக்கை, இன்ஜின் எல்லாம் இடம்பெற்றிருந்தன. டிக்கிக்குள் கிடக்கும் ஸ்டெப்னியைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. கட்டுரையாளரைக் குறை சொல்வதற்கில்லை, வண்டிக்காரர்களே அதை நினைப்பதில்லை. பிரேக்கையும் நான்கு சக்கரங்களையும் மாற்றிவிட்டு, ஐந்தாவதை மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே விட்டுவிடுகிறார்கள்.

மும்பை குர்லா ஆலையில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த பத்மினி காரையே எடுத்துக்கொள்வோம். 1089 சி.சி. இன்ஜின், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், 5.20-14 அளவில் ஒடுக்கமான நைலான் டயர் என்று பிறந்த வண்டி அது. இன்று அதை வைத்திருப்பவர்களில் பலர் முன்பக்கத்துக்கு டிஸ்க் பிரேக்கும், அகலமான அலாய் வீலும், 185/60 ஆர்14 போன்ற ரேடியல் டயரும் போட்டுக்கொள்கிறார்கள். ஸ்டெப்னியோ அதே பழைய இரும்பு ரிம், அதே நைலான் டயர்.

முன் சக்கரம் பஞ்சர் ஆனால்தான் சிக்கல் தெரியவரும். டிரம்மை மூடுவதற்கென்று வளைக்கப்பட்ட பழைய ரிம்முக்குள், டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அடங்காமல் இடிக்கலாம். பின்பக்கம் இன்னும் டிரம்மாகவே இருப்பதால் அங்கே அது தடையில்லாமல் ஏறிவிடும். ஒர்க்‌ஷாப்பில் பின்னால் மாட்டிப் பார்த்துவிட்டுப் பொருந்துகிறது என்று அனுப்பிவிடுவதும் இதனால்தான். ஆனால் பத்மினிக்கு இழுவை பின் சக்கரங்களில் இருக்கிறது. கணக்குப் போட்டால் பழைய 5.20-14 டயரின் விட்டம் சுமார் 607 மில்லிமீட்டர், 185/60 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 578. ஒரே அச்சில் இந்த இரண்டும் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ ஒன்பது சென்டிமீட்டர் வித்தியாசத்தை, இரு பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல் ஓயாமல் ஈடுகட்ட வேண்டியிருக்கும். நேர்ச் சாலையில்கூட அதற்கு ஓய்வு கிடையாது. இது போதாதென்று, ஒரே அச்சில் ஒரு பக்கம் நைலானும் மறுபக்கம் ரேடியலும் இருந்தால் பிரேக் அடிக்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. ஆக, முன்னால் ஏறாத சக்கரம் பின்னால் ஏறும், ஆனால் அங்கே இருக்கக் கூடாது.

இதற்கு மாற்றாகப் பலர் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய், கைக்குக் கிடைக்கும் நான்கு துளை ரிம் ஒன்றை வாங்கி வருகிறார்கள். துளைகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. பி.சி.டி. எனப்படும் துளை வட்டத்தின் விட்டம் ஃபியட் வழி வந்த பல கார்களில் 98 மில்லிமீட்டர். மாருதி ஸ்விஃப்ட் போன்றவற்றில் 100. இந்த இரண்டு மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஸ்பானரால் அழுத்தித் திருகினால் சக்கரம் ஏறியும் விடும். ஆனால் போல்ட்டின் கூம்பு துளையில் சரியாக உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறுகும். அப்படி இறுகியது ஓட்டத்தில் தளர்ந்துபோகவும் உடைந்துபோகவும் வாய்ப்பு அதிகம். அலாய் வீலுக்கென்று வாங்கிய நீளமான போல்ட்டுகளை மெல்லிய இரும்பு ரிம்மில் போட்டால், அவற்றின் நுனி உள்ளே நீண்டு பிரேக் பாகங்களில் முட்டக்கூடும். எனவே ஸ்டெப்னி இரும்பு ரிம்மாக இருந்தால் அதற்குரிய போல்ட்டுகளைத் தனியே ஒரு பையில் போட்டு டிக்கியிலேயே வைத்திருக்க வேண்டும்.

புதிய கார்களில் வரும் ஒல்லியான தற்காலிகச் சக்கரம் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மைதான். அதன் வேக வரம்பு பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டர், காற்றழுத்தம் ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ.; மற்ற டயர்களுக்கு அடிக்கும் முப்பது சொச்சத்தையே இதற்கும் அடித்துவிடும் பஞ்சர் கடைகள் உண்டு. தவிர, அது இன்னொரு காரின் எடைக்கும், சக்கரம் மாட்டப்படும் ஹப்புக்கும் என்று அளந்து செய்யப்பட்டது. என் கருத்தில், மற்ற நான்கு அலாய் வீல்களோடு ஐந்தாவதாக அதே அளவில் ஒன்றை வாங்கிவிடுவதே முறை. டிக்கியில் அதற்கு இடம் போதாவிட்டால், டயரின் விட்டத்தைக் காரோடு வந்த டயருக்கு நெருக்கமாக வைத்து, காலிப்பருக்கு இடம் விடும் இரும்பு ரிம் ஒன்றில் ரேடியல் போட்டுக்கொள்ளலாம். 175/70 ஆர்14 டயரின் விட்டம் சுமார் 601 மில்லிமீட்டர். ஆனால் ஓடும் நான்கிலும் அதே அளவு இருக்க வேண்டும். ரிம் மிகப் பழையதென்றால், டியூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் டியூபோடுதான் ஓட்ட வேண்டும்.

2020-ஆம் ஆண்டு மத்திய அரசு ஸ்டெப்னி தேவையில்லை என்று சொல்லிவிட்டதே எனச் சிலர் வாதிடுவதுண்டு. அந்தத் தளர்வு, டியூப்லெஸ் டயரும் காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாதனமும் உள்ள வண்டிகளுக்கே உரியது. வண்டியை மாற்றியமைப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டது என்பதும், 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான ‘வி.ஏ.’ எனும் விண்டேஜ் பதிவு பெரிதும் மாற்றப்படாதவற்றுக்கே கிடைக்கும் என்பதும் வேறு விவாதங்கள்.

இத்தகைய வேலைகளைச் செய்யும் ஒர்க்‌ஷாப்புகளுக்குத் தங்கள் வாயிலாக ஒரு வேண்டுகோள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன், உரிமையாளர் கண்ணெதிரே ஸ்டெப்னியை நான்கு மூலைகளிலும் மாட்டி, கையால் சுழற்றி, முன்பக்கத்தில் ஸ்டீயரிங்கை இரு எல்லைகளுக்கும் திருப்பி, எங்கும் உரசவில்லை என்பதைக் காட்டுங்கள். அந்த வேலையைக் காரோடு வரும் ஜாக்கியையும் வீல் ஸ்பானரையும் கொண்டே செய்யுங்கள். அலாய் வீலின் ஆழமான குழிக்குள் பழைய ஸ்பானர் நுழைவதில்லை என்பது அப்போதே தெரிந்துவிடும். இந்த வேலைக்குத் தனிக் கூலி கேட்டாலும் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
சென்னை