மாவுப்பூச்சிக்காக வீட்டுக்குள் நஞ்சு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக்குள் வளரும் செடிகளில் வெள்ளையாக எதையாவது கண்டால் போதும், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கலக்கத் தொடங்கிவிடுகிறார்கள். குழந்தை தவழும் தரைக்கும் பூனை படுக்கும் சன்னலோரத்துக்கும் நடுவே அந்த நஞ்சுக்கு என்ன வேலை? நெடுங்காலமாகத் தொட்டிச் செடி வளர்ப்பவள் என்பதால் கேட்கிறேன்.

முதலில் அது மாவுப்பூச்சிதானா என்று பாருங்கள். சாம்பல் நோய் இலைமேல் தூவிய பொடிபோல் படரும். மாவுப்பூச்சி இலைக்காம்பும் தண்டும் சேரும் இடுக்கில்தான் வெள்ளைப் பஞ்சுபோல் ஒண்டும். அந்தப் பஞ்சைக் குண்டூசியால் கிளறினால் இழை இழையாகப் பிரியும். உள்ளே மஞ்சள் நிறத்தில் நுண்ணிய முட்டைகள். இப்படி ஒரு பஞ்சுப் பொதியில் சில நூறு முட்டைகள்கூட இருக்கும். பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவால் இலையில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், தண்டில் ஏறி இறங்கும் எறும்பு ஆகியவையும் அடையாளங்களே. அந்த இனிப்புக் கழிவுக்காக எறும்புகள் பூச்சிக்குக் காவல் நிற்கும். எனவே எறும்பையும் தடுத்தாக வேண்டும்.

பூச்சியின் மேலுள்ள வெள்ளைப் பஞ்சு உண்மையில் மெழுகு. மேலாகத் தெளிக்கும் மருந்து இந்த மெழுகுப் போர்வையைத் தாண்டி எளிதில் இறங்காது. கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து ஒவ்வொரு பூச்சியாகத் தொடுங்கள். தொட்டவுடன் மெழுகு கரைந்து, வெள்ளை மறைந்து, பூச்சி பழுப்பாகத் தெரியும். பார்க்கவே நிறைவாக இருக்கும்! அடுப்பு, விளக்கு அருகில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பூச்சி அதிகமென்றால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி மென்மையான திரவச் சோப்பைக் கலந்து இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். எதையும் முதலில் ஓர் இலையில் சோதித்துவிடுங்கள். இயல்பாகவே சாம்பல் நிற மெழுகுப் பூச்சுள்ள சதைப்பற்றுச் செடிகளில் அந்தப் பூச்சே அழிந்துபோகும்.

பலர் கைவிடுவது இதற்குப் பிறகுதான். தப்பிய முட்டைகள் பொரிந்து, மெழுகு சேராத குஞ்சுகள் நடந்தே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். அதனால் வாரம் ஒருமுறை வீதம் ஒரு மாதமாவது தொடர வேண்டும். அதுவரை அந்தச் செடி தனியே இருக்கட்டும். புதிதாக வரும் செடிக்கும் இதே தனிமை வேண்டும். தொட்டியின் விளிம்பு, அடித்துளை, வேர் ஆகியவற்றையும் பாருங்கள். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள். இளந்தளிர் பெருகினால் பூச்சியும் பெருகும்.

இன்னொன்றை மன்றாடிக் கேட்கிறேன். மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த அதை, 1891-ல் கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோட்டங்களைக் காக்கக் கொண்டுசென்றார்கள். அதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடுதான் இருக்கும். வெளியே வைத்த செடிகளில் அதைக் கண்டு, பெரிய மாவுப்பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள். வளர்ந்த மாவுப்பூச்சி பெரும்பாலும் ஓரிடத்திலேயே கிடக்கும், நகர்ந்தாலும் மெதுவாகத்தான். இந்தப் புழு உருவில் பெரியது, விறுவிறுவென்று நடக்கும். தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் இரண்டின் படங்களையும் பக்கம் பக்கமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செடி வளர்க்கும் ஒரு வாசகி