இந்தக் கோடையில் ஃபைஃப் கரையில் இறங்குங்கள்

பிரிட்டனில் இயங்கும் தமிழ்ச் சங்கங்களின் சுற்றுலாப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினாலே உங்கள் அறிவிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் வரத் தொடங்கிவிடும். 'ஸ்காட்லாந்து நான்கு நாள்' என்று தலைப்பு இருக்கும். எடின்பரோ கோட்டை, லோக் நெஸ் ஏரி, கிளென்கோ பள்ளத்தாக்கு, நேரம் கிடைத்தால் ஸ்கை தீவு. நானும் பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு பேருந்தில் வந்தவள்தான். ஃபோர்த் ரயில் பாலத்தைத் தூரத்தில் நின்று படம் எடுத்தோம். செயின்ட் ஆண்ட்ரூஸில் முக்கால் மணி நேரம் கொடுத்தார்கள்; அதில் பாதி கோல்ஃப் மைதானத்துக் கல்பாலத்தில் படம் எடுக்க வரிசையில் நின்றே போனது. மீதி நேரம் கழிப்பறை வரிசை. பிறகு வடக்கே விரைந்தோம்.

அதன்பின் வேலை கிடைத்துக் கிர்காடிக்கே குடிவந்துவிட்டேன். எழுதுவது கிர்க்கால்டி, சொல்வது கிர்காடி. ஃபோர்த், டே என்ற இரண்டு கழிமுகங்களுக்கு நடுவே கடலுக்குள் நீண்டிருக்கும் நிலம்தான் ஃபைஃப். அதன் கரையோரமாக 117 மைல் நீளத்துக்கு ஒரு நடைபாதை போகிறது. அன்று நம் பேருந்து உள்நாட்டுச் சாலையில் ஓடியதால் அந்தக் கரையின் ஓர் ஊர்கூட எங்கள் கண்ணில் படவில்லை. நான்கு நாளில் இரண்டு நாளை இந்தக் கரைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் வீம்ஸ் குகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருக்கும் அவசரம் அதில்தான்.

கிர்காடிக்கு வடகிழக்கே ஈஸ்ட் வீம்ஸ் என்று ஓர் ஊர், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். 'வீம்ஸ்' என்ற பெயரே குகை என்று பொருள்படும், ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கின் சொல்லில் இருந்து வந்தது. ஊரைத் தாண்டிக் கடலோரமாகக் கொஞ்சம் நடந்தால் மணற்பாறையில் வரிசையாகக் குகைகள். அவற்றின் சுவர்களில், பழங்காலத்தில் ஸ்காட்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்து, எழுத்தில் தம்மைப் பற்றி அதிகம் விட்டுச்செல்லாத பிக்ட் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே செதுக்கிய குறிகள் இருக்கின்றன. ஒரே இடத்தில் இத்தனை பிக்ட் குகைச் செதுக்கல்கள் பிரிட்டனில் வேறெங்கும் இல்லை.

முதல் தடவை நாங்களாகவே போனோம். கைபேசி வெளிச்சத்தை நேராகச் சுவரில் அடித்துப் பார்த்தோம். ஈரமும் பாசியும், பிற்காலத்தில் யார் யாரோ கீறிவிட்டுப் போன பெயர்களும்தான் தெரிந்தன. ஏமாற்றத்தோடு திரும்பினோம். அடுத்த முறை, குகைகளைக் காக்க உள்ளூர்க்காரர்கள் நடத்தும் சங்கத்தின் தன்னார்வலர் ஒருவரோடு போனோம். அவர் கூட்டிப்போன குகைக்கு ஜொனாதன் குகை என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் ஆணி அடிக்கும் தொழிலாளி ஒருவர் குடும்பத்தோடு அங்கே குடியிருந்தாராம். எங்களோடு வந்த தன்னார்வலர், வயதில் பெரியவர், எல்லோர் விளக்கையும் அணைக்கச் சொன்னார். தன் டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடித்தார். வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிப் போனதும் கீறல்களுக்குள் நிழல் தேங்கியது. வெறும் பாறையாக இருந்த இடத்தில் ஒரு படகு எழுந்து வந்தது, துடுப்புகளோடு. என் மகனுக்கு அப்போது எட்டு வயது. தன்னை மறந்து கையை நீட்டினான். பெரியவர் அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டு, "கண்ணால் பார்க்கலாம் தம்பி, விரல் பட்டால் உதிர்ந்துவிடும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அந்தப் படகு யார் செதுக்கியது, எந்தக் காலத்தது என்று அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. என் மகனுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. அன்று இரவு நோட்டில் பத்துப் படகு வரைந்தான்.

இந்தக் குகைகளைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. சுரங்கம் ஓடிய காலத்தில் கழிவுக் கல்லையும் மண்ணையும் கரையில் கொட்டினார்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் அதுவே அலைக்குத் தடுப்பாக நின்றது. 1967 செப்டம்பரில் அங்கிருந்த மைக்கேல் சுரங்கத்தில் தீப்பிடித்து 9 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள், சுரங்கமும் மூடப்பட்டது. கொட்டுவது நின்றதும் அலை கரையை அரிக்கத் தொடங்கிவிட்டது. போதாததற்கு 1980களில் யாரோ ஒரு காரை ஜொனாதன் குகைக்குள் கொண்டுபோய்க் கொளுத்தினார்கள். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் மேலே சொன்ன காப்புச் சங்கம். இப்போது லேசர் கொண்டு சுவர்களை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். பாறை போனாலும் படம் மிஞ்சட்டும் என்ற ஏற்பாடு அது. உங்கள் பேருந்தில் வரும் ஐம்பது பேரும் ஆளுக்குக் கொஞ்சம் நன்கொடை உண்டியலில் போட்டால், அந்தத் தன்னார்வலர்களுக்கு அது பெரிய தொகை. முன்கூட்டி எழுதிக் கேட்டுக்கொண்டு, சிறு சிறு குழுவாகப் போங்கள். தனியாகப் போகாதீர்கள், நாங்கள் ஏமாந்தது போதும்.

அடுத்தது செயின்ட் மோனன்ஸ். ஊருக்குக் கிழக்கே கடலோர மேட்டில் காற்றாலை ஒன்று நிற்கிறது, கீழே புல்லுக்குள் சில கற்குவியல்கள். தகவல் பலகையைப் படிக்காவிட்டால் ஒன்றும் புரியாது. நம் ஊரில் உப்பு விளைகிறது என்று சொல்வோம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டி நீர் விட்டால் வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். இந்த வானத்தின் கீழ் அது நடக்குமா? இங்கே உப்பைக் காய்ச்சினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தக் காற்றாலை கடல் நீரை மேலே ஏற்றியது. கரையோர வீடுகளுக்குள் பெரிய இரும்புத் தட்டுகளில் ஊற்றி, பக்கத்திலேயே வெட்டிய நிலக்கரியைக் கீழே எரித்து, நீர் வற்றி உப்பு படியும் வரை இரவும் பகலும் காத்திருந்தார்கள். அப்படி ஒன்பது வீடுகள். அந்தப் புல்மேட்டில் நின்றபோது, வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் பிறந்த என் மாமியார் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இந்த உப்பு என்ன விலை வித்திருக்கும்?" என்று கேட்டார். அதைவிடச் சரியான கேள்வியை அங்கே வேறு யாரும் கேட்டதில்லை.

ஊரின் மேற்குக் கோடியில் 14ஆம் நூற்றாண்டில் இரண்டாம் டேவிட் மன்னர் கட்டிய தேவாலயம். கடலுக்கு அவ்வளவு பக்கம். உள்ளே உட்கார்ந்தால் அலைச் சத்தம் கேட்கும். மேலே கப்பலின் சிறிய மாதிரி வடிவம் ஒன்று தொங்குகிறது. கடலுக்குப் போனவர்களை நினைத்துக் கைகூப்பும் இடம் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அங்கிருந்து கரைவழியே ஒன்றரை மைல் நடந்தால் பிட்டன்வீம். இந்தப் பெயருக்குள்ளும் குகைதான் இருக்கிறது. துறைமுகத்துக்கு மேலேறும் சந்தில் ஓர் இரும்புக் கதவு. அதற்குப் பின்னே ஃபில்லன் என்ற துறவி தங்கியதாகச் சொல்லும் குகை. இருட்டில் அவர் இடது கை தானே ஒளிவிட, வலது கையால் திருமறை எழுதினார் என்பது ஐதீகம். சாவி ஊர்க் கடை ஒன்றில் இருக்கும். சிறு கட்டணம் கொடுத்து வாங்கிக்கொண்டு நாமே போய்த் திறக்க வேண்டும். கனமான சாவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புங்கள். அந்தச் சந்தோஷம் எந்தக் கோட்டை நுழைவுச்சீட்டிலும் கிடைக்காது. உள்ளே குளிர்ச்சியும், ஓர் ஊற்றும், கல்லால் ஆன பலிபீடமும் இருக்கின்றன.

இந்த ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1705 சனவரியில், சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்ட ஜேனட் கார்ன்ஃபுட் என்ற பெண்ணை ஒரு கும்பல் இந்தத் துறைமுகத்துக்கு இழுத்து வந்து, அடித்து, அவள் மேல் ஒரு கதவைப் போட்டுக் கற்களை ஏற்றிக் கொன்றது. அழகான படகுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இடம் அதுதான். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆன்ஸ்ட்ரதரில் மீன்பிடி அருங்காட்சியகத்துக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். ஹெர்ரிங் மீன் கூட்டம் கரைக்குக் கரை நகரும்போது, அதன் பின்னாலேயே ஷெட்லாண்டிலிருந்து இங்கிலாந்தின் யார்மத் வரை பயணித்த பெண்களின் கதை அங்கே இருக்கிறது. மூவர் ஓர் அணி. இருவர் குடலை எடுப்பார்கள், ஒருவர் உப்பிட்டுப் பீப்பாயில் அடுக்குவார். கத்தி கிழித்த காயத்தில் உப்பு ஏறாமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொள்வார்கள். அந்தத் துணி சுற்றிய விரல்களின் படத்தின் முன் கருவாட்டுக் களத்தில் வளர்ந்த எவரும் நிற்காமல் நகர முடியாது. கோடையில் இதே துறைமுகத்திலிருந்து மே தீவுக்குப் படகு போகும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் முற்பாதி வரை போனால் ஆயிரக்கணக்கில் பஃபின் பறவைகளைப் பார்க்கலாம். 1636இல் நிலக்கரித் தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய விளக்குக் கோபுரத்தின் அடிப்பகுதியும் அங்கே நிற்கிறது.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரெயில் துறைமுகம் படம் எடுப்பவர்களுக்கு; அதற்கும் ஆன்ஸ்ட்ரதருக்கும் நடுவே உள்ள கேப்லி குகைகள் நடப்பவர்களுக்கு. லோயர் லார்கோவில் ஒரு வீட்டு மாடத்தில் அலெக்சாண்டர் செல்கர்க் சிலை. தனித்தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தவித்து, ராபின்சன் குரூசோ கதைக்குத் தூண்டுதலாக இருந்தவர் இந்த ஊர்க்காரர். மேற்கே கூரஸில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கடலுக்கு அடியில் நிலக்கரி வெட்டினார்கள். அதைப் பார்க்க வந்த ஆறாம் ஜேம்ஸ் மன்னர், சுரங்கத்தின் மறுவாய் வழியே மேலேறிச் சுற்றிலும் கடலைக் கண்டு "சதி!" என்று அலறினாராம்.

எப்படியும் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போகத்தான் போகிறீர்கள். அப்படியானால் கோல்ஃப் மைதானத்தை விட்டு சவுத் ஸ்ட்ரீட்டுக்கு வாருங்கள். இடிந்த மடாலயச் சுவர் ஒன்றின் பின்னே 'மெட்ராஸ் காலேஜ்' பள்ளியின் பழைய கட்டடம் நிற்கும். ஆம், நம் மெட்ராஸ்தான். இதே ஊரில் 1753இல் பிறந்த ஆண்ட்ரூ பெல், எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் பள்ளியில் கொண்டுவந்தார். பெரிய பையன் சிறியவனுக்குச் சொல்லிக் கொடுப்பதை முறையாக்கினார். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்த வேலை அது. 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டன் முழுக்கப் பரவியது. அவர் விட்டுச்சென்ற பணத்தில்தான் இந்தப் பள்ளி எழுந்தது. 2021இல் பள்ளி ஊருக்கு வெளியே புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டது, பெயர் மாறவில்லை. சென்னையில் 1996இல் மாற்றிய பெயரை இங்கே பிள்ளைகள் இன்றும் சீருடையில் சுமக்கிறார்கள். முக்கால் மணி நேரம் இந்த ஊரில் நின்றும் அன்று எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். இந்த மீனவ ஊர்களின் சந்துகள் பெரிய பேருந்துக்கானவை அல்ல. மேலே பிரதான சாலையில் நிறுத்திவிட்டு இறங்கி நடங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைச் சிறு வண்டியில் துறைமுகத்துக்கு அனுப்புங்கள். எடின்பரோவிலிருந்து ரயிலிலும் வரலாம்: இந்தக் கரையில் உள்ள லீவன் ஊருக்கு 1969இல் நின்றுபோன ரயில் 2024 ஜூனில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஊர்ப் பேருந்து. ஈலியில் பாறையைப் பிடித்துச் சங்கிலி வழியாக ஏறும் பாதையைப் பற்றி இளைஞர்கள் கேட்பார்கள். நீர் வற்றியிருக்கும் நேரத்தில் மட்டும், பழகியவர்கள் மட்டும் போகட்டும். நாற்பது பேர் கூட்டத்தை அங்கே ஏற்றாதீர்கள். கடல் ஏறி இறங்கும் நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோறு கொண்டுவாருங்கள், தட்டும் பையும் திரும்ப எடுத்துப் போங்கள். துறைமுகத்தில் குவித்து வைத்திருக்கும் நண்டு பிடிக்கும் கூண்டுகளின் மேல் பிள்ளைகள் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது அங்கே இன்றும் ஒருவருடைய பிழைப்பு.

தேதி முடிவானால் சொல்லுங்கள். ஈஸ்ட் வீம்ஸ் தேவாலயத்துப் பக்கம் டார்ச்சோடு காத்திருக்கிறேன்.

அன்புடன்,
கிர்காடியிலிருந்து ஒரு சங்க உறுப்பினர்