மேடு ஏறாத புது லாரி: மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: லாரி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர், இராசிபுரம் வட்டம், நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்: தலைமை மேலாளர், வாடிக்கையாளர் சேவை, லாரி தயாரிப்பு நிறுவனம்.
நகல்: வண்டியை விற்ற டீலர்.

ஐயா,

உங்கள் நிறுவனத்தின் பன்னிரண்டு சக்கர பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த) லாரியைப் புதிதாக எடுத்து ஓட்டுகிறேன். எடுத்த முதல் மாதத்திலிருந்தே ஒரே கோளாறு. லோடு ஏற்றி மேடு ஏறினால் மஞ்சள் விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரத்தில் இழுவை செத்துவிடுகிறது. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிப் புனே கிளம்பினால் தொப்பூர் மேட்டிலேயே ஆரம்பித்துவிடும். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஊர்ந்து போகும் லாரியில் இன்னொரு வண்டி வந்து மோதினால் யார் பதில் சொல்வது?

சர்வீஸில் முதலில் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் நாக்ஸ் சென்சாரை மாற்றினார்கள். அப்புறம் ஆட்ப்ளூ (அந்தப் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் யூரியா திரவம்) பம்பு. அப்புறம் லேப்டாப்பை மாட்டி சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் வண்டியின் கணினியில் பதிவாகும் கோளாறுக் குறியை, அதாவது எரர் கோடை அழித்து, காலி வண்டியைச் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, ஜாப் கார்டில் ‘பரிசோதித்ததில் சரியாக உள்ளது’ என்று எழுதித் தருகிறார்கள். காலி வண்டி பைபாஸில் ஓடாமல் என்ன செய்யும்? லோடோடு வந்து பாருங்கள் என்றால், அதற்கு அனுமதி இல்லையாம். கடைசியில் ‘மட்டமான ஆட்ப்ளூ ஊற்றியிருப்பீர்கள்’ என்று என் பக்கமே திருப்பிவிட்டார்கள். நான் ஊற்றிய கேன்கள் எல்லாம் உங்கள் டீலர் கவுண்டரில் வாங்கியவை. பில் இருக்கிறது.

புகைக் கட்டுப்பாடு வேலை செய்யாவிட்டால் இன்ஜின் சக்தி தானாகக் குறையும்படிதான் பிஎஸ்-6 வண்டிகளை அமைத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். டேங்க் நிறைய ஆட்ப்ளூ இருந்து, சென்சாரும் புதிதாக இருக்கும்போது சக்தி குறைந்தால் கோளாறு வண்டியில்தான்.

இதைச் சொன்னபோது டீலரின் மேலாளர், ‘இது கமர்ஷியல் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கெல்லாம் போக முடியாது’ என்றார். அவர் பாதிச் சட்டத்தைத்தான் படித்திருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(7) வணிக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குவது உண்மை. ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. கோவை பிஎஸ்ஜி இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் காட்டிய உதாரணமே லாரிதான்: தானே ஓட்டி வாடகைக்கு விட லாரி வாங்குபவர் நுகர்வோர். உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அது மாறாது. (அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங் தோற்றுப்போனது, அது வேறு கதை.) எனக்கு இருப்பது இந்த ஒரு வண்டி. நானே ஓட்டுகிறேன், கூட ஒரு மாற்று ஓட்டுநர்.

வாரண்டியில் பாகம்தான் மாற்றுவோம் என்கிறீர்கள். மாற்றிப் பார்த்தாயிற்று, சரியாகவில்லை. இனி ஒன்று வேறு புது வண்டி கொடுங்கள், இல்லையென்றால் முழு விலையை வட்டியோடு திருப்பிக் கொடுங்கள். வண்டி நின்ற நாட்களின் வாடகை இழப்பும் வேண்டும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்று ஃபைனான்ஸ்காரர் டியூவைத் தள்ளி வைப்பதில்லை.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். விலை 50 லட்சத்துக்குள் என்பதால் அங்கேயே போடலாம். நான் குடியிருக்கும் மாவட்டத்தில் போட பிரிவு 34 இடம் தருகிறது. வண்டியை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பும்படியும் கேட்பேன். ஆகவே இப்போது உங்கள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டியில் பதிவாகியுள்ள எரர் கோடுகளை யாரும் அழிக்கக் கூடாது.

இணைப்பு: விற்பனை ரசீது, ஜாப் கார்டு நகல்கள், ஆட்ப்ளூ பில்கள், தொப்பூரில் எடுத்த டேஷ்போர்டு வீடியோ.

இப்படிக்கு,
லாரி உரிமையாளர்