1921 ரூபாயும் ஒரு புள்ளியும்

அன்புள்ள சரவணனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாயியின் வெள்ளி ரூபாய்களைப் பற்றி நீ கேட்டபோது பட்டறைச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. அதனால் விவரமாக எழுதிவிடுகிறேன்.

அந்த ஐந்து காசுகளும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்டவை. 1912, 1916, இரண்டு 1918, அப்புறம் நீ குறியாக இருக்கும் அந்த 1921. ஒவ்வொன்றும் அடித்தபோது ஒரு தோலா, அதாவது 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. நம் சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இந்த மாதிரி ரூபாய்கள் எத்தனையோ உருகிக் கொலுசாகப் போயிருக்கின்றன. 1918-ஐ உருக்கினாலும் பெரிய நஷ்டமில்லை. அந்த வருஷம் கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் இரண்டும் போட்டி போட்டு அடித்துக் குவித்தன. உலகப்போரில் வெள்ளி தட்டுப்பாடு வந்து, அமெரிக்கா தன் டாலர் காசுகளையே உருக்கி இந்தியாவுக்காக இங்கிலாந்துக்கு விற்ற காலம் அது. ஆனால் 1921, 1922-ல் புழக்கத்துக்கு ரூபாய் அடித்தது பம்பாய் மட்டும்தான், அதுவும் குறைவாக.

எந்த ஊர்க் காசு என்று பார்க்க, ரூபாய் மதிப்பு எழுதிய பக்கத்தைத் திருப்பு. சுற்றியுள்ள பூவேலையில் அடியில் நடுவே ஒரு தாமரை இருக்கும். அதற்குக் கீழே உள்ள இடைவெளியில் மேடாகச் சின்னப் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. நம் 1921-ல் புள்ளி இருக்கிறது. புள்ளி இல்லாத 1921-ஐ யாராவது காட்டினால், ஆண்டு எண்ணை நோண்டியிருக்கிறார்களா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். படிந்த அழுக்கும் சில சமயம் புள்ளி மாதிரி ஏமாற்றும். லென்ஸை வைத்து, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழ விட்டுப் பார்த்தேன். அழுக்கு இல்லை, மேடுதான்.

சரி, தரத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய வீடியோவில் பழைய காசு வாங்குவதாகச் சொல்லும் அந்த ஆள் எல்லாக் காசையும் யு.என்.சி. என்கிறான். யு.என்.சி. என்றால் கைமாறிப் புழங்காத காசு. சாய்த்துத் திருப்பினால் ஒளி வண்டிச் சக்கரம் மாதிரி சுற்றி வர வேண்டும். நம்முடையதில் அது துளியும் இல்லை. புருவமும் காதும் தட்டையாகிவிட்டன, கிரீடத்து மணிகள் மழுங்கிவிட்டன. ஆனால் மன்னர் அங்கியில் இருக்கும் யானை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. (1911 ரூபாயில் அந்த யானை பன்றி மாதிரி இருக்கிறது என்று முஸ்லிம்கள் கொதித்துப்போய், 1912-ல் உருவத்தைத் திருத்தினார்கள். நம்மிடம் இருப்பது திருத்திய காசு.) என் கணக்கில் இது வி.எஃப்., அதாவது வெரி ஃபைன்: புழங்கித் தேய்ந்தாலும் முக்கிய விவரங்கள் தெளிவாக இருக்கும் காசு. காசுக்குத் தரம் போடும் எழுபது புள்ளி அளவுகோலில் 25 கொடுக்கலாம்.

கொடுக்கலாம், தலைக்கு மேலே விளிம்பில் அந்தத் தடம் இல்லாமல் இருந்திருந்தால். யாரோ வளையம் பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிறகு வளையத்தைப் பிடுங்கிவிட்டார்கள், பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிய இடம் மட்டும் நிற்கிறது. இப்படிப்பட்ட காசுக்குத் தரச்சான்று தரும் நிறுவனங்கள் எண் போடாது. சேதம் என்று குறித்துத்தான் உறை போடும். விலையும் அதற்குத் தகுந்தபடிதான்.

'நீங்களே அதை ராவிப் பாலிஷ் போட்டுவிடுங்களேன்' என்று கேட்டாய். எனக்கு அது அரை மணி நேர வேலை. ஆனால் செய்ய மாட்டேன். அரம் பட்டால் விளிம்பு வரிகள் அந்த இடத்தில் செத்துவிடும், தெரிந்தவன் லென்ஸில் உடனே பிடித்துவிடுவான். பிடிக்காதவனிடம் விற்றால் அது ஏமாற்று. கொலுசுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் பிரஷ்ஷும் சரி. காசுக்கு விபூதிகூட ஆகாது. மேலே படிந்த கருமை அப்படியே இருக்கட்டும். உன் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், ஆடி வந்தால் குத்துவிளக்கோடு சேர்த்து இதையும் தேய்த்துவிடுவாள்.

சிங்கப்பூருக்குக் கூரியரில் அனுப்பச் சொன்னாயே, அதுவும் நடக்காது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய காசு தொல்பொருள். தனியாள் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம். நம் ஐந்துமே நூறைத் தாண்டியவை.

அந்த வீடியோக்காரன் லட்சம் தருகிறேன் என்று சொல்லி முதலில் கமிஷன் கேட்பான், பணம் அனுப்பிவிடாதே. இப்படிப்பட்டவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது.

விற்பதானால் இங்கேயே, தடத்தைக் காட்டித்தான் விற்பேன். அதற்கு முன் உன் தங்கையிடம் பேசு. அப்பாயியின் காசில் அவளுக்கும் பங்கு உண்டு. இருவரும் ஒரு முடிவுக்கு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

அப்பா