அந்த மூச்சுச் சத்தம் இருக்கட்டும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய புது மிக்ஸைக் கேட்டேன். முதலில் ஹெட்ஃபோனில், அப்புறம் பெரிய ஸ்பீக்கரில், கடைசியாக போனிலேயே வைத்துக் கேட்டேன். பாட்டு நன்றாக வந்திருக்கிறது. அப்பா என்கிற பாசத்தில் சொல்லவில்லை. இத்தனை வருஷம் மிக்ஸிங் மேசை முன்னால் உட்கார்ந்த காதை வைத்துக்கொண்டு சொல்கிறேன். கோரஸ், டிலே என்கிற ஒலி எஃபெக்டுகள் சேர்ந்து கிட்டார் மெல்ல அலையடிக்கிற அந்தத் தொடக்கம் மனசை இழுத்துக்கொண்டு போகிறது. டிரம்ஸ் அவசரமே படாமல் பின்னாலேயே வருவதும் எனக்குப் பிடித்தது.

ஒரே ஒரு இடத்தில்தான் நெஞ்சு துணுக்கென்றது. நீ முதலில் பதிந்து அனுப்பிய டெமோவில், இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிட்டார் அடங்கும், ஒரு கணம் ஒன்றுமே இருக்காது, நீ மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும், உடனே குரல் வரும். புது மிக்ஸில் அந்த மூச்சைத் துடைத்து எடுத்துவிட்டிருக்கிறீர்கள். இப்போது குரல் எங்கிருந்தோ திடீரென்று முளைக்கிறது. சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாடுவது யார் என்று தெரியவில்லை. தயவுசெய்து அதைத் திரும்பக் கொண்டு வா. சுற்றிலும் இவ்வளவு பனிமூட்டம் போட்ட பாட்டில், உள்ளே ஒரு ஆள் இருக்கிறாள் என்று கேட்பவருக்குச் சொல்வது அந்த ஒரு மூச்சுதான்.

வார்த்தை புரியவில்லை, குரலை ஏற்று என்று நண்பர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். ஏற்றாதே. கோக்டோ ட்வின்ஸ் என்கிற ஸ்காட்லாந்து இசைக்குழுவில் எலிசபெத் ஃப்ரேசர் பாடியதைக் கேள். பல பாட்டுகளில் அவர் என்ன சொல்கிறார் என்று லேசில் பிடிபடாது. 1990இல் 4ஏடி லேபிளில் வந்த ‘ஹெவன் ஆர் லாஸ் வேகாஸ்’ ஆல்பத்தில் அந்தக் குழுவின் ராபின் கத்ரி கிட்டாரை எஃபெக்டுக்கு மேல் எஃபெக்டாக அடுக்கியிருப்பார். அத்தனைக்கும் நடுவில் அந்தக் குரல் நம் பக்கத்தில் வந்து நிற்கும். ட்ரீம் பாப் என்று சொல்கிற, கனவு மாதிரி மிதக்கிற இந்த இசைவகை என்றால் எனக்கு இதுதான். உன்னால் அது முடியும் என்று முதல் டெமோவிலேயே தெரிந்துவிட்டது.

உன் மிக்ஸில் வார்த்தை மங்குவதற்குக் காரணம் ரிவெர்பின், அதாவது குரலுக்குப் போட்ட எதிரொலியின், கனத்த கீழ் ஒலிகள். அங்கே சேறு மாதிரி தேங்கிக் கிடக்கிறது. குரலை ரிவெர்புக்கு அனுப்புவதற்கு முன்னாலேயே ஒரு ஈக்யூ (கீழ், மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற கருவி) போட்டு, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டிப் பார். அபே ரோடு ஸ்டுடியோவின் பழைய வழக்கம் அது. அப்புறம் ப்ரீ-டிலேயை, அதாவது குரலுக்கும் ரிவெர்ப் தொடங்குவதற்கும் நடுவில் விடும் இடைவெளியை, 30, 40 மில்லிசெகண்டுக்குக் கொண்டு போ. வார்த்தை முதலில் காதில் விழும், ரிவெர்ப் அதற்குப் பின்னால் விரியும். இந்த இரண்டையும் செய்துவிட்டு குரலின் அளவைக் கூட்டுகிற ஃபேடரைத் தொடாமலே கேட்டுப் பார், என்ன மாற்றம் என்று உனக்கே தெரியும். இன்னொன்று, நீ இரண்டு தடவை பாடி அடுக்கிய குரல்களை டியூன் செய்து ஒரே மாதிரி ஆக்கிவிடாதே. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் குரலின் கனமே இருக்கிறது.

குரல் வருவதற்கு முப்பது விநாடிக்கு மேல் ஆகிறதே, முன்னிசையை வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம் என்று கணக்கு, அதனால் உன் பயம் புரிகிறது. ஆனால் அந்த முன்னிசை இல்லாவிட்டால் குரல் வந்து இறங்க இடமே இல்லை. இந்த மாதிரிப் பாட்டைத் தேடி வருகிறவர்கள் காத்திருப்பார்கள். வெட்டாதே.

மிக்ஸை வெளியீட்டுக்குக் கடைசியாகத் தயார்செய்யும் மாஸ்டரிங்காரரிடம் சத்தத்தை நெரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. ஸ்பாட்டிஃபை வழக்கமாக எல்லாப் பாட்டையும் சுமார் -14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டு வந்துதான் ஒலிபரப்புகிறது. உச்ச சத்தத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரை அழுத்த அழுத்த, ரிவெர்ப் அடங்கிக்கொண்டே போகும் அந்த வால் மேலே எழும்பி வந்து, நீ கஷ்டப்பட்டு வைத்த அமைதியை எல்லாம் நிரப்பிவிடும். அந்த மூச்சும் அதில் போய்விடும்.

வெளியீட்டு விஷயத்தில் நான் சொல்ல அதிகம் இல்லை. 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் புதுப் பாட்டு வருகிற நாள், நீயும் அதையே வைத்துக்கொள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர்கள் தொகுக்கிற எடிட்டோரியல் பிளேலிஸ்டுக்குப் பாட்டை அனுப்ப வேண்டுமானால் குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்ப வேண்டும், அதனால் பாட்டைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்கிற டிஸ்ட்ரிபியூட்டரிடம் மூன்று நாலு வாரம் முன்பே ஏற்றிவிடு. ஒரு வருஷத்தில் 1,000 ஸ்ட்ரீம் தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024இலிருந்து ரெக்கார்டிங் ராயல்டி தருவதில்லை. அந்த எண்ணையே தினமும் திறந்து பார்த்துக்கொண்டு உட்காராதே. அந்த நேரத்தில் அடுத்த பாட்டின் மெட்டைப் பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அப்பா பிடிவாதமாக இருப்பேன். சின்த் வாசித்த உன் தோழியும் மெட்டில் பங்கு போட்டவள். பாட்டை ஏற்றுவதற்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து, எழுத்தும் மெட்டும் யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டர், அதாவது பதிவின் உரிமை, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஸ்பிலிட் ஷீட் என்கிற பங்கீட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இவ்வளவு நெருங்கிய சிநேகிதியிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதே. நெருக்கமாக இருக்கும்போது எழுதினால் ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துவிடும். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு அதே பேச்சை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் ஸ்டுடியோவில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூச்சைத் திரும்பச் சேர்த்த மிக்ஸை 24 பிட் வேவ் கோப்பாகவே அனுப்பு. போன தடவை அனுப்பிய எம்பி3யில் ரிவெர்பின் வால் உடைந்து உடைந்து கேட்டது. அதை வைத்து நான் எதுவும் சரியாகச் சொல்ல முடியாது.

அன்புடன்,
அப்பா