மணி அடித்த பிறகு சாவியைத் தேடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரிடர் என்றதும் நம் பேச்சு மீட்புப் படகு, ஹெலிகாப்டர், நிவாரணத் தொகை என்றுதான் போகிறது. அதெல்லாம் வந்து சேரும் வரைக்கும் நாம் தனியாக இருக்கப்போகும் அந்த அரை மணி, ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போன மாதம் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் தீ ஒத்திகை நடந்தது. காலை பதினொரு மணிக்கு என்று முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டார்கள். மணி அடித்தது, இறங்கினோம், போட்டோ எடுத்தார்கள், சரி, முடிந்தது. ஆனால் பின்பக்கப் படிக்கட்டு வழியாக வந்த பத்துப் பதினைந்து பேர் கீழ்க்கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாவி காவலாளியிடம், அவர் அன்றைக்கு விடுப்பு. அதைவிட என்னை உறுத்தியது வேறு. மூன்றாம் மாடியில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், அவர் வீட்டுக் கதவை யாருமே தட்டவில்லை. மணிச் சத்தம் நிற்கிற வரைக்கும் என்னவோ ஏதோ என்று நடுங்கிப்போய்க் கிடந்தாராம், மறுநாள் அவர் மகள் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. நானும் அந்த வாசலைத் தாண்டித்தான் இறங்கினேன்.

1995 ஜனவரி 17 அன்று விடியற்காலை 5.46க்கு ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடிபாடுகளிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரை வெளியே இழுத்தது வீட்டு ஆட்களும் அக்கம்பக்கத்தாரும்தான். எந்த வீட்டில் யார் எந்த அறையில் தூங்குவார் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தானே தெரியும்.

இந்தோனேசியாவின் சிமெலு தீவை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 1907இல் அங்கே சுனாமி வந்து பெருத்த சேதம். அப்புறம் 'ஸ்மோங்' என்ற ஒரே சொல்லில், நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைப் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று சைரன் ஏதும் ஒலிக்கவில்லை, தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் வேறு. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர் என்கிறார்கள்.

வங்கதேசத்தில் 1970 புயல் குறைந்தது மூன்று லட்சம் பேரைக் கொண்டுபோனது. 1972இல் தொடங்கிய தன்னார்வலர் திட்டத்தில் அந்தந்த ஊர்க்காரர்களே கொடியும் ஒலிபெருக்கியுமாக வீடு வீடாகப் போய் ஆட்களைப் புயல் காப்பகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். 2007 சிதர் புயலும் கடுமையானதுதான், அதில் அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் சுமார் 3,400. அதுவும் பெரிய இழப்புதான், மறுக்கவில்லை. ஆனாலும் எச்சரிக்கையைத் தெரிந்த முகம் வாசலில் வந்து சொன்னால் மக்கள் கிளம்புகிறார்கள், செல்போன் குறுஞ்செய்தி மட்டும் வந்தால் 'பார்க்கலாம்' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால் ஒவ்வொரு தெருவிலும் ஒரு தாள் போதும் என்கிறேன்: யாரால் நடக்க முடியாது, யாருக்கு இன்சுலின், யாருக்கு ஆக்ஸிஜன், யாருக்குக் காது கேட்காது, அவரவர் கதவைத் தட்டப்போவது யார், அந்த ஆள் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தது யார், மெயின் சுவிட்ச் எங்கே, எல்லாரும் போய் நிற்க வேண்டிய இடம் எது. மின்சாரம் போனால் செல்போனும் போய்விடும், எனவே தாளிலேயே இருக்கட்டும். ஒத்திகையை ஒரு தடவையாவது இரவில், சொல்லாமல் நடத்திப் பாருங்கள். உங்கள் நாளிதழ் அப்படியொரு படிவத்தைக் கத்தரித்து எடுக்கிற அளவில் அச்சிட்டால் நிறையப் பேர் நிரப்பி ஒட்டுவார்கள்.

நாங்கள் போன ஞாயிறு இரவு மறுபடியும் செய்து பார்த்தோம். பின்கதவு இப்போது உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிறது. பாட்டிக்குப் பதில் அவர் மகளை நாற்காலியில் உட்கார வைத்து இரண்டு பேர் தூக்கினோம், இரண்டாம் மாடித் திருப்பத்திலேயே கை விட்டுப்போனது, இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அந்த நான்கு பேரின் பெயரையும் பாட்டி வீட்டுக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்